லாக்கர் எண் 212

அத்தா என்றால் அவளுக்கு
ஆறரை அங்குலம்.
ராத்திரி எட்டரைக்குச் சிணுங்கும்.
முத்தம் கொடுத்தால் கண்ணாடி எச்சிலாகும்.
தூக்கம் வந்தால்
கவிழ்த்து வைத்துவிடலாம்.

நான் வந்திறங்கி இருபத்துநாலு நாள்.
கதவோரம் நின்று பார்ப்பாள்;
நான் பார்த்தால்
ஜுலைகாவின் துப்பட்டாவுக்குள் போய்விடுவாள்.
"விடுங்க, பழகிடும்" என்றார் மாமி,
சந்தையில் ஆடு வாங்கி வந்தவனிடம்
சொல்வதுபோல.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை
கூத்தாநல்லூரிலிருந்து வேன் பிடித்து
தஞ்சாவூர் பைபாஸ் தாண்டி
தண்ணீர்ப் பூங்கா.
வழியெல்லாம் ஆறுகள்:
கோரையாறு, பாமணி, வெண்ணாறு.
பாலத்தில் பெயர்ப்பலகை,
கீழே மணல்,
மணலில் மூன்று ஸ்டம்பு நட்டு
யாரோ அவுட்டில்லை என்று சண்டை போடுகிறார்கள்.
இங்கே என்னடாவென்றால்
டிக்கெட் கவுண்டருக்கு முன்னாலேயே
செருப்பெல்லாம் ஈரம்.

வாசலில் எலுமிச்சை சாதத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
பால்பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.
தொண்ணூறு சென்டிமீட்டர் கோடு போட்ட
ஒரு சிமெண்ட் டால்பின்;
அதன் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றாள் ஹனா.
"ஃப்ரீ" என்றான் பையன்.
"ஆனா எதுலயும் ஏத்த முடியாது."

திருத்துறைப்பூண்டி, பேராவூரணி, வலங்கைமான்
எல்லா ஊரும் ஒரே வாடகை நைலான் டவுசரில்
வரிசையாக நின்றது.
தம்மாமில் மொட்டைமாடி வெயிலில்
ஏசி மாட்டுகிறவன் நான்;
எனக்கே தலை சுற்றிற்று.

லாக்கரில் பர்ஸ், வீட்டுச் சாவி,
ஜுலைகாவின் வளையல் நாலு,
கடைசியாக இரண்டு போன்.
இரும்புக் கதவு சாத்தியதும்
ஹனா அலறினாள்:
"அத்தா! அத்தா உள்ள!"

இரண்டு கையாலும் தட்டினாள்.
முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னேன்,
"அத்தா இங்கதாம்மா இருக்கேன்."
பொய்சாட்சி சொல்ல வந்தவனைப் பார்ப்பதுபோல
ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி தட்டினாள்.
பின்னால் நின்ற பெரியவர் உச்சுக்கொட்டினார்.
"பாவம். அப்பா வெளியூரா தம்பி?"
என்னிடம்தான் கேட்டார்.
ஆமாம் என்றேன்.

அலைக்குளத்தில் சைரன் ஊதியது.
ஆயிரம் பேர் ஓவென்று கத்தினார்கள்.
அதற்கு மேலும் கேட்டது அவள் குரல்.

லாக்கரைத் திறந்தால் ஐம்பது ரூபாய் போச்சு.
போகட்டும்.
ஜுலைகாவின் போனை அவளிடம் கொடுத்துவிட்டு
என்னுடையதை எடுத்துக்கொண்டு
பாப்கார்ன் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து
கூப்பிட்டேன்.

"சாப்டாச்சா?"
எண்ணூற்றுச் சொச்சம் ராத்திரி கேட்ட அதே கேள்வி.
"அத்தா!"
திரை முழுக்க மூக்கு, பிறகு நாக்கு,
பிறகு எங்கேயோ வானம்.

பேசிக்கொண்டே நடந்தேன்.
ஐஸ்கிரீம் வரிசையைத் தாண்டி,
யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பைத் தாண்டி.
பத்தடியில் என் குரல் எனக்கே திரும்ப வந்து
இரண்டு போனும் ஊளையிட்டன.

திரையைப் பார்த்தாள்.
நிமிர்ந்தாள்.
திரையை.
நிமிர்ந்தாள்.

"ரெண்டு" என்றாள்.

ஒன்றுக்கு அப்புறம்
அவளுக்குத் தெரிந்த ஒரே எண் அது.

கடையில் போனுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கி
கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
அதற்காகத்தான் என் இடுப்பில் ஏறினாள்.
கணுக்கால் ஆழக் குளத்தில்
மத்தியானம் முழுக்க அப்படியே நின்றோம்,
ஒரு கை உறையில்,
ஒரு கை என் காதில்.
எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை.

திரும்பும்போது வேனில் கண் சொக்கியது அவளுக்கு.
வழக்கம்போல போனை எடுத்து
மடியில் கவிழ்த்து வைத்தாள்.
அப்புறம் என் கன்னத்தில்
ஈர உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள்,
என்னையும் கவிழ்க்க.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கீழே வெண்ணாறு.
அவுட்டில்லை என்று இன்னும் யாரோ
கத்திக்கொண்டிருந்தார்கள்.