ஒரே பொய்

கடைக்காரர் போட்டுக் காட்டியது
யாரும் எழுந்து ஆடிவிடக்கூடிய பாட்டு.
கோயம்புத்தூர்க் கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.
"பேஸைப் பாருங்க மேடம்" என்றார்.
பார்த்தேன்.

விலைபேசுகிற இடத்தில் பிடித்த பாட்டைக் கேட்கக் கூடாது,
மனப்பாடமான பாட்டைக் கேட்க வேண்டும்.
என் போனில் மிச்சி பாடியது இருந்தது:
இரண்டாம் அடிக்கு முன் அவள் மூச்சிழுப்பாள்,
நாற்காலி ஒருமுறை முனகும்,
தகரக் கூரையில் மழை தொடங்கியிருக்கும்.

பதினெட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியில் மழை இல்லை.
அதற்கடுத்ததில் மழை மட்டும் இருந்தது.
ஜோடி ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்று
கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த இதில்
நாற்காலி முனகியது.
எடுத்துக்கொண்டேன்.

மடியில் ஒன்று, காலிடையில் ஒன்று.
குஞ்சப்பனை தாண்டும்போது காது அடைத்தது.
மலையேறிய அன்று எதற்கும் தீர்ப்பு சொல்லக் கூடாது,
முதலில் காது ஊர் வந்து சேரட்டும்.

டானிங்டனில் இலை ஏஜெண்டு கடைக்கு மேலே
எட்டுக்குப் பத்து அறை.
முட்டை அட்டை ஒட்டவில்லை, அது மூடநம்பிக்கை.
சுவரெல்லாம் கம்பளி, மூலையில் கிழிந்த மெத்தை.
பின்சுவருக்கு அப்பால்
தேயிலை ஃபேக்டரியின் காற்றாடிகள்
இரவு முழுக்க ஒரே சுருதியில்.
ஆறு வருடமாக அதைக் கழித்துவிட்டுத்தான்
உலகத்தைக் கேட்கிறேன்.

புதுப் பெட்டி பொய் சொல்வதை
மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்.
தம்பட்டை போதாதது போலக் காட்டும்.
நம்பி ஏற்றினால்
சபீரின் ஜீப்பில் கதவுப் பிடி கழன்று விழும்.
சபீர் இலை மூட்டை ஏற்றுகிறவன்,
இசையைப் பற்றி அபிப்பிராயம் கிடையாது.
கடைசிப் பரீட்சை அதனால்தான் அவன் வண்டியில்.

இரண்டு புள்ளி குறைத்தேன், சரியாக வந்தது.
மறுநாளும் இரண்டு புள்ளி.
அதற்கு மறுநாளும்.
பொய்யனோடு குடித்தனம் நடத்தலாம்,
தினம் ஒரே பொய்யைச் சொல்பவனாக இருந்தால்.

மேடை வேறு விவகாரம்.
நெடுகுளா மைதானத்துக்கு
ஹாலன் வாடகைக்குக் கொண்டுவந்த பன்னிரண்டு இஞ்சுப் பெட்டிகளின் முதுகில்
இரண்டாயிரம் வாட் என்று எழுதியிருந்தது.
கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் மாதிரி.
வோல்டேஜ் நூற்றெழுபது.
மைக் ஊளையிட்டது,
தேயிலைச் சரிவில் மேய்ந்த காட்டெருமை ஒன்று
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தது.

மேடையில் அழகு வேண்டாம் எனக்கு.
கடைசி வரிசையில் வார்த்தை புரிகிறதா,
மூன்று மணி நேரம் கழித்துத் தொட்டால் கை சுடுகிறதா,
இவ்வளவுதான் கேள்வி.
எதிர்மலையிலிருந்து யாரோ ஹாலனுக்கு போன் செய்தார்கள்:
"சத்தம் வருது, பாட்டு வரல."

மிச்சிக்குத் தன் குரலே கேட்கவில்லை.
அவள் காலடியில் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றான்.
"ஒரே ஒரு ராத்திரிக்கு, உங்க சின்னது."
அது மேடைக்குப் பிறந்ததல்ல என்றேன்.
பிறகு நானே போய் எடுத்து வந்தேன்.
நான்காம் பாட்டில், வட்டம் வேகமெடுத்தபோது,
இடது பெட்டியின் ட்வீட்டர்
வெண்கலப் பாத்திரத்தில் கல் விழுந்தது போல ஒன்று சொல்லிவிட்டு
நின்றது.
ஆட்டம் நிற்கவில்லை.

மாற்று ட்வீட்டர் நானூற்றிருபது ரூபாய்.
ஆனால் இப்போது
இடதும் வலதும் வேறு வேறு பொய் சொல்கின்றன.
இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்த
என்னிடம் இரண்டு தலை இல்லை.

இடதை அணைத்தேன்.
வலது ஒன்றை நடுவில் வைத்து
அதில் மட்டும்
மிச்சியின் மூச்சுக்கு இடம் தேடினேன்,
தம்பட்டைக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில்.
விடியும்போது கம்பளியெல்லாம் ஈரம்.
ஜன்னலில் மஞ்சுக்கு அந்தப் பக்கம் ஹாரன்.

ஜீப்பில் போட்டேன்.
கதவுப் பிடி அசையவில்லை.
இரண்டாம் அடிக்கு முன்
சபீர் கையை நீட்டினான்,
வால்யூமைக் குறைக்கத்தான் என்று நினைத்தேன்.
இன்ஜினை அணைத்தான்.