இருபத்திரண்டு மில்லிமீட்டர்

இடது காதில்தான் முதலில் கேட்டது.
படகு வராத பின்னிரவு,
பாலத்துக் கூண்டுக்குள் நானும் ஹீட்டரும்.
அக்கரையில் யாரோ கம்பளம் தட்டுகிறார்கள் என்று
ஜன்னலைத் திறந்தேன்.
கால்வாய் அசையாமல் கிடந்தது.
படியேறி மூச்சிரைத்த ஒரு நாள்
அதுவும் கூடவே இரைத்தது.
தட்டுவது நான்தான்.

காதில் அழுக்கு என்றார் ஒருவர்.
டென்ஷன் என்றார் அடுத்தவர்.
பாலம் தூக்கி இறக்குபவனுக்கு
அப்படி என்ன டென்ஷன் என்று
அவரே சிரித்தும்கொண்டார்.

லெய்டனில் டாக்டர் ஃபென்னா ஓஸ்டர்லிங்
இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தார்.
"பக்கவாட்டில் நகர்கிறது,
மேலும் கீழும் நகரவில்லை"
கோணிக்கொண்ட தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்வதுபோல.
பிறகு கேட்டார்:
"உங்கள் அப்பாவின் குரல் எப்படி இருக்கும்?"

என் அப்பா டெயுனிஸ்
நாற்பது வயதில் கரகரத்துப் போனவர்.
தேவாலயத்தில் சங்கீதம் பாடும்போது
வாயை மட்டும் அசைப்பார்.
ஊர் அதைச் சாராயத்தின் கணக்கில் எழுதியது.
அவர் குடித்ததில்லை.
ஜூலை வெயிலிலும் காலர் பொத்தானைக்
கழுத்துவரை போட்டிருப்பார்.
அடியில் என்ன இருந்தது என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

காகிதத்தில் குடும்பம் வரைந்தார்கள்.
சதுரம் ஆண், வட்டம் பெண்,
நோய் இருந்தால் கறுப்பு.
குடல்வால் எடுக்கப் படுத்து
ரத்தம் தலைக்கேறி எழாமல்போன சித்தப்பா ஆரியைக்
கறுப்பாக்கினார் டாக்டர்,
ஐம்பது வருடம் கழித்து.

ஒற்றை எழுத்துப் பிழையாம்.
தகப்பன் கையிலிருந்து வந்தால் விழிக்கும்,
தாய் கையிலிருந்து வந்தால் தூங்கும்.
பங்காளிகள் பக்கம் பாதிக்குமேல் கறுப்பு.
ஹில்லெகொண்டா அத்தையின் பிள்ளைகள்
ஐந்து பேரும் வெள்ளை.
ஆனால் அத்தை மகன் எய்ஸ்பிரண்டுக்கு
இப்போது மூன்று குழந்தைகள்.
அவனுக்கு யார் போன் செய்வது?
நான்தான் செய்தேன்.
மாடுகளுக்குத் தீவனம் போடுகிறேன், பிறகு பேசுகிறேன் என்றான்.
பதினோரு மாதம் பேசவில்லை.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை
ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்த்தேன்.
பால் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் இருந்தது.
என் மனைவி கிளாஸ்கே அதில் சீட்டு ஒட்டினாள்:
ஆப்பிள் ஜூஸ் அல்ல.
அட்ரினலின் கசியவில்லை என்று முடிவு வந்தது.

வெட்டி எடுத்துவிடலாமே என்றேன்.
டாக்டர் தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார்:
விழுங்குகிற நரம்பு, பேசுகிற நரம்பு,
நாக்கைத் திருப்புகிற நரம்பு,
எல்லாம் அதை ஒட்டிக்கொண்டு போகின்றன.
"வலிக்காதவரை காத்திருந்து பார்ப்போம்."
எனக்குப் பழகிய வேலை.
காத்திருக்கத்தான் நகராட்சி சம்பளம் தருகிறது.

வருடத்துக்கொரு முறை
அந்தக் குழாய்க்குள் படுக்கிறேன்.
தலையைச் சுற்றி ஆணி அடிக்கிறார்கள்.
என் சொந்தத் தட்டலை
கேட்க முடியாத அரை மணி நேரம்
அங்கே மட்டும்தான்.
இருபத்தொன்று. இருபத்தொன்று.
இருபத்திரண்டு.
அளவெடுப்பதில் வரும் பிசகாகவும் இருக்கலாம் என்றார்கள்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அந்த ஒரு மில்லிமீட்டரை
ஸ்டியரிங்கில் கட்டைவிரலால் அளந்துகொண்டு வந்தேன்.

யோரிண்டவுக்குப் பத்தொன்பது.
பரிசோதனைக்குத் தனியாகப் போனாள்.
அக்டோபரில், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து
பாலத்துக்கு வந்தாள்.
கூண்டுக்குள் வந்து கையுறையைக் கழற்றி
ஹீட்டர்மேல் வைத்தாள்.
"இருக்கிறது" என்றாள்.

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அப்பாவைப் போல
வாய் மட்டும் அசைந்தது.

"என் பிள்ளைகளுக்குப் போனால் தூங்கிவிடும்" என்றாள்.
"ஆனால் எனக்கு மகன் பிறந்து
அவனுக்கும் பிள்ளை பிறந்தால்..."
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போய்
அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

பிறகு என் கழுத்தில் காதை வைத்தாள்.
காற்றில் வந்த காது, பனிக்கட்டி.
"கேட்கிறதா?"
"நீங்கள் பேசினால் எப்படிக் கேட்கும்?"

மணல் ஏற்றிய படகொன்று வளைவில் ஒலியெழுப்பியது.
மணியடித்தேன், தடுப்பை இறக்கினேன்,
சாலை எங்கள் முன்னால் எழுந்து நின்றது.

"ஸ்கேனுக்கு இருவரும் ஒரே நாளில் தேதி கேட்கலாம்,
பார்க்கிங் காசு மிச்சம்" என்றாள்.