கப்பலின் சுற்றளவு

விலா எலும்பைத் தேடுங்கள் என்றார்
ஹெப்சிபா டாக்டர்.
ராமையன்பட்டி ஆஸ்பத்திரி வாசலில்
என் கையைப் பிடித்துக்
கப்பலின் விலாவில் வைத்தார்.
மெத்தைக்கடியில் சாவி தேடுகிறவன்போல்
அழுத்தித் தேடினேன்.
எலும்பில்லாக் குதிரை டாக்டர் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிடரியைத் தட்டிக் காட்டினார்.
ஊர்வலத்தில் எல்லோரும் போட்டோ எடுக்கிற
அந்த வில் வளைவு
அழகில்லையாம், கொழுப்பாம்.
முன்னங்குளம்பில் கைவைக்கச் சொன்னார்.
இட்லிச்சட்டி மூடிபோல் சுட்டது.
இப்படியே வளர்த்தால் மைதீன் பிச்சை,
நிற்கக் கால் இருக்காது.

மேலப்பாளையத்தில் மாப்பிள்ளை சுமக்க
ஒருகாலத்தில் கப்பல்தான்.
இப்போது கூரை திறக்கிற கார் வருகிறது,
புகை கக்குகிறது, சாணி போடுவதில்லை.
வேலை குறையக் குறைய
வெல்லம் கூடியது.
கட்டிப்போட்ட பாவத்துக்குக்
காலையில் ஓர் அச்சு, அந்தியில் ஓர் அச்சு,
ஊறவைத்த கொள்ளு, தவிடு,
கல்யாண வீட்டில் மிஞ்சிய பழத்தார்,
மதரசா விட்டு வரும் பிள்ளைகள் கையில்
ஆளுக்கொரு பிஸ்கட்.
ஒருவரும் கெட்ட மனசோடு கொடுக்கவில்லை.

பட்டினி போட்டுவிடாதீர்கள், அதுவும் கொல்லும்.
நூறு கிலோ உடம்புக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த புல்,
தராசில் நிறுத்து,
ஒரு மணி நேரம் தண்ணீரில் முக்கி.
குதிரைமசால் கூடவே கூடாது.
பேரிலேயே குதிரை இருக்கே டாக்டர்?
உங்கள் பேரில் பிச்சை இருக்கிறது, எடுக்கிறீர்களா?

முக்கிய தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் வடியும்.
அவ்வளவும் இனிப்பு.
உவரி சகாயம் தந்த பழைய வலையை
இரண்டாய் மடித்து உயரக் கட்டி
அதற்குள் புல்லைத் திணித்தேன்.
கண்ணிக்கு ஒரு இழை உருவி
விடியவிடிய மெல்லட்டும் என்று.

குளம்புச் சூடு இறங்கும்வரை மணல் மெத்தை.
பிறகு நடை.
சுபுஹு முடித்து, பாளையங்கால் கரையோடு,
முதலில் பாலம்வரை,
ஆவணியில் முன்னீர்பள்ளம்வரை.
நான் ஏறவில்லை, கூடவே நடந்தேன்.
சட்டைக்குள் என் தொப்பையும் நடந்தது.
வயலில் நாற்று பிடுங்கியவள் கேட்டாள்:
குதிரய வச்சிக்கிட்டு நடந்தா போறீரு?

போனில் யார் கூப்பிட்டாலும் இப்போது
முதல் கேள்வி, மாப்பிள்ளை எடை என்ன.
பேட்டையிலிருந்து ஒரு வீட்டார்
நூற்றிப் பன்னிரண்டு என்றார்கள்.
மன்னிச்சிக்கிடுங்க.
குதிரைக்கு வந்த வாழ்வப் பாரு என்று வைத்தார்கள்.
மூவாயிரம் போயிற்று.
ஷர்புன்னிசா இரண்டு நாள் பேசவில்லை.

கப்பல் இரண்டு மாதம் பேசவில்லை.
தெருமுனையில் என் செருப்புச் சத்தத்துக்கே
கனைக்கிறவள்
காலி வாளியை உதைத்துவிட்டுச்
சுவரைப் பார்த்து நின்றாள்.
இத்தனை வருடம் அவள் கூப்பிட்டது
வெல்லத்தைத்தான் என்று
நாற்பத்தொன்பது வயதில் தெரிந்துகொள்வது
லேசில்லை.
ஒருநாள் ராத்திரி அச்சோடு கொட்டடிக்குப் போய்
நானே தின்றுவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை விட்ட காலையில்
விரல்களைப் படுக்கவைத்து இழுத்தபோது
ஒரு மேடு.
பள்ளம்.
இன்னொரு மேடு.
மூச்சைப் பிடித்து எண்ணினேன்.
நாலாவதில் அவள் கழுத்தைத் திருப்பி
என் சட்டைப்பையில் மூக்கை விட்டாள்.
உள்ளே வெல்லமில்லை.
டாக்டர் தந்த அளவுநாடாதான் இருந்தது.
நுனியிலிருந்து மென்றாள்.
பிடுங்குவதற்குள்
நூற்று எழுபதுக்கு மேல் எண்களைக் காணோம்.
போன வாரம் நூற்று எழுபத்தொன்பது.
இனி அவளை அளக்க வேண்டுமென்றால்
இன்னும் ஒன்பது இறங்கியாக வேண்டும்.

சரி, நட.