மதகடி வளைவு

எட்டு மாதமாய்
அடுப்படிச் சுவரோரம் சாக்குப் போர்த்தி நிற்கிறது சைக்கிள்.
அதன் கூடையில் முட்டையிடப் பழகிவிட்டது கோழி.
"வித்துடலாமே" என்றார் இவர், இரண்டு தடவை.
மூன்றாம் தடவை கேட்டிருந்தால்
சரியென்றிருப்பேன்.

காறை எலும்பு கூடிவிட்டதாம்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினார் டாக்டர்:
வெள்ளைக் கோட்டில் சின்ன முடிச்சு.
முடிச்சு அங்கே இல்லை, டாக்டர்,
பிறேக் பிடிக்கிற இந்த விரல்களில்
என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆறேகாலுக்குப் பாண் ஆட்டோ மேலே ஏறும்
அதே இயந்திரப் பாட்டோடு.
கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பையை
இறுக்கிப் பிடிக்கும் என் கை.
மதகடி வளைவில் பாட்டு அறுந்து
சவுக்கு மரத்தண்டை மறுபடி தொடங்கும்.
மலை விழுங்குகிறது என்றிருந்தேன்.

பிள்ளை மடுவத்துக்கு நடந்தே போனேன்.
இரண்டு மைல். குறுக்குப் பாதையெல்லாம் அட்டை.
பிந்தினால் தாய்மார் முறைப்பார்கள்,
கூடையோடு மலைக்கு ஏற வேண்டுமே அவர்களுக்கு.

தோட்டத்தில் சமதரை என்றால் பிரட்டுக்களம் ஒன்றுதான்.
ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லை.
வின்சன் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தான்
ஒரு கேள்வியும் கேட்காமல்.
அது பெரிய உதவி.
முதல் வட்டம் காலால் உந்தி.
இரண்டாம் வட்டம் ஏறி உட்கார,
மட்டக்குதிரையாய்ச் சிலுப்பியது ஹாண்டில்.
மூன்றாவதில் வாய்விட்டுத் திட்டினேன்
(சைக்கிளையா, என்னையா, தெரியவில்லை)
திட்டுகிற மும்முரத்தில்
பயப்பட மறந்துபோனது.
கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கி
காற்றில் ஆடியபடி பார்த்திருந்தது.

நாலு ஞாயிறு அப்படி.

இன்று திங்கள். மூடுபனி.
முட்டையை எடுத்து வைத்துவிட்டு
கோழியிடம் மன்னிப்புக் கேட்டேன்.
இறக்கம். பிறேக் கீச்சிட்டது.
இரண்டு பக்கத் தேயிலையும் பனிக்குள் போய்விட
மிச்சம் இருந்தது
முன்னால் பத்தடி றோட்டு.
பத்தடிக்குப் பயப்பட என்ன இருக்கிறது?
பிறகு இன்னொரு பத்தடி.

மதகு வந்தது.
இறங்கினேன்.
விழவில்லை. இறங்கினேன்.

கீழிருந்து பாட்டு ஏறி வந்தது.
கை இறுகியது. இறுகட்டும் என்று விட்டேன்.
வளைவுக்கு முன்னால்
மஞ்சள் விளக்கு தயங்கியது,
உள்ளே ஒரு கை நீண்டு
பாட்டை அணைத்தது.

உவைஸ்.
அன்றைக்கு என்னைத் தூக்கி
பாண் தட்டுகளுக்கு நடுவில் சாய்த்துக்கொண்டு
ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவன்.
இடித்தவனும் அவன்தான்.
எட்டு மாதமாய், ஒவ்வொரு காலையும்,
இந்த இடத்தில் அணைத்திருக்கிறான்.
மலை ஒன்றும் விழுங்கவில்லை.

என்னைக் கண்டான். சைக்கிளையும்.
வாய் திறந்தான், மூடினான்.
"டீச்சர்... பனிஸ் சூடா இருக்கு."

இரண்டு வாங்கிக் கூடையில் போட்டு
மிதியில் கால் வைத்தேன்.
அவன் இன்னும் பாட்டைப் போடவில்லை.
வளைவு முடியும் வரைக்கும்
பெல்லை அடித்துக்கொண்டே போனேன்.
துருப்பிடித்த பெல்,
இருமல் மாதிரித்தான் சத்தம்.