இரண்டாவது டேங்கர்

ஞாயிறு பத்து மணிக்குக் கதவு திறக்கும்.
சீட்டு ஐம்பது ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து.
செருப்பைக் கழற்ற வேண்டாம், துணியுறை தருவோம்.
மாடிப்படியில் மூன்றாவதை மட்டும் மிதிக்காதீர்கள்,
நூற்று நாற்பது வயது அதற்கு,
கரையான் தின்ற மிச்சம்.

ஆஷ்வெல் லாட்ஜ், ரிச்மண்ட் டவுன்.
சன்னல்களின் மேல் கூர்மையான மரத்தொப்பிகள்,
மழைக்கு முக்காடு இழுத்துவிட்டதுபோல.
யார் கட்டியது என்று கேட்பார்கள்.
ஒரு ராணுவ மருத்துவர் என்பேன்.
இல்லை, யார் கட்டியது என்று
மறுபடி கேட்டவர் இதுவரை ஒருவர்தான்.

ஆவணத்தின் பதினொன்றாம் பக்கம் சொல்கிறது:
தெற்குப் புல்வெளி வீட்டின் பிரிக்க முடியாத பகுதி,
என்றும் பச்சையாக இருத்தல் வேண்டும்.
அந்தக் கடைசிச் சொல்லுக்கு
நாளொன்றுக்கு இரண்டு டேங்கர்.
கையெழுத்துப் போடுகிறவள் நான்.
லிங்கராஜபுரத்தில் என் தெருக் குழாய்
செவ்வாய்க்குச் செவ்வாய் இருமும்,
மூன்று குடம் கொடுத்துவிட்டு மூச்சடங்கும்.

அந்த மார்ச்சில் போர்வெல்கள் வரிசையாகக் கைவிரித்தன.
முனியல்லப்பா வண்டியை வாசலில் நிறுத்தி
"புல்லுக்கா மேடம்?" என்றார்.
அவ்வளவுதான். ஹாரன்கூட அடிக்கவில்லை.
இரண்டாவது டேங்கருக்கு நான் கையெழுத்திடவில்லை.
யாரிடமும் சொல்லவுமில்லை.

ஒன்பதாம் நாள் புல் நிறம் மாறியது.
எங்கும் அல்ல,
கோடு கோடாக.
பச்சைக்குள் மஞ்சள், நூல் பிடித்த நேர்,
திரும்புமிடத்தில் மூலைமட்டம் வைத்ததுபோல.
மாடி வராந்தாவிலிருந்து எண்ணினேன்:
ஏழு கட்டம், ஒன்றையொட்டி ஒன்று.
அடியில் கல் இருந்தால் மண் குறைவு,
அங்கேதான் வேர் முதலில் சாகும்.
நீரூற்றி நீரூற்றியே
நூறு வருடம் மூடி வைத்திருக்கிறோம்.

வரைபடத்தில் அந்த இடம் வெறும் 'தோட்டம்'.

அன்று வந்த பிள்ளைகள் வீட்டைப் பார்க்கவேயில்லை.
பாண்டிக் கட்டம் என்று நினைத்து
ஒற்றைக்காலில் ஏழையும் தாண்டினார்கள்.
"ரொம்பச் சின்னது மிஸ்" என்று
நாலாவதில் நின்று ஒருத்தி கைகளை விரித்தாள்.
உள்ளே யார்மீதோ பட்டுவிட்டதுபோல
உடனே மடக்கிக்கொண்டாள்.

செயலாளர் பெள்ளியப்பா வந்தார்.
வேலை போய்விடும் என்று
மத்தியானச் சோற்றை முன்கூட்டியே சாப்பிட்டிருந்தேன்.
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
பிறகு கால்சட்டையை முழங்காலில் சற்றுத் தூக்கிவிட்டு
மஞ்சள் கோட்டின்மேல் உட்கார்ந்து
"டேப்பின் அந்த முனையைக் கொடு" என்றார்.
எட்டடி, ஆறே முக்கால்.
எட்டடி, ஆறே முக்கால்.
ஐந்தாவதில் மட்டும் குறுக்கே இன்னொரு கோடு,
ஏன் என்று தெரியவில்லை.
என் சமையலறை இதைவிட ஒரு சாண் பெரிது.

குழு கூடியது. கறை என்றார் ஒருவர்.
கல்யாணப் படமெடுக்க வருகிறவர்கள்
பச்சைதான் கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர்.
பெள்ளியப்பா பேசவில்லை.
நாங்கள் வரைந்த தாளை மேசையில் விரித்து
சுருண்டுவிடாமல் நாலு மூலையிலும்
தேநீர்க் கோப்பைகளை வைத்தார்.
தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அதற்குள் மாங்காய் மழை.
கூரையில் மூன்று இடம் ஒழுகியது,
வாளிகளோடு ஓடினேன், அதற்குத்தானே சம்பளம்.
நாலு நாள் கழித்து வராந்தாவில் நின்றபோது
முதல் அறையின் வடக்குச் சுவர்
பச்சைக்குள் போய்க்கொண்டிருந்தது.
ஞாயிறுக்குள் ஆறு அறை போயிற்று.
ஏழாவது ஒரு நாள் கூடுதலாக நின்றது.

பதிவேட்டில் 'நிலை' என்றொரு பத்தி.
நன்று என்றால் பொய்.
சிதைவு என்றாலும்.
'நனைந்தது' என்று எழுதினேன்.

இப்போது சுற்றிக்காட்டும்போது
புல்வெளியைக் குறுக்கே கடப்பதில்லை.
வாசல் இருந்திருக்கும் என்று தோன்றும் பக்கமாகச்
சுற்றிக்கொண்டு போகிறேன்.
பின்னாலேயே வருகிறார்கள்,
ஏனென்று கேட்காமல்.