பதின்மூன்றாம் ஆள்

உவர்மலைச் சரிவில் வாடகை அறை.
கச்சான் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது.
திரையில் முப்பத்தொரு மீட்டர்க் கப்பல்
பச்சைக் கம்பிவலையாக,
நீரில்லாமல் மிதக்கிறது.

காலையிலிருந்து மென்பொருளுக்கு ஒரே பிடிவாதம்:
மேற்பரப்பு மூடவில்லை, கனஅளவு தரமுடியாது.
தேடினேன். அணியத்துக்குக் கீழே, இடப்பக்கம்,
இரண்டு தகடுகள் சந்திக்கும் மூலையில்
மூன்று மில்லிமீட்டர் வெளி.
இன்னும் கடலையே காணாத கப்பல்,
அதற்குள் ஓட்டை.

அடைத்தேன்.
ஆயிரத்து நாலு கனமீட்டர் என்றது.
மடக்கை எடுத்து, ஐம்பதால் வகுத்து,
புள்ளி இரண்டைக் கூட்டி, கனத்தால் பெருக்கினால்
மொத்தத் தொன்னளவு இருநூற்று அறுபத்தொன்று.

கின்னியாவிலிருந்து மஹ்சூம் நாநா எடுத்தார்.
"எத்தின தொன் புள்ள?"
சொன்னேன்.
"இரும்பே அவ்வளவு வராதே!"
நிறை இல்லை நாநா. உள்ளே அடைபட்ட இடம்.
"அப்ப காத்துக்கும் காசு கட்டணுமா?"
ஓம்.
மேல்தட்டு அறையின் பின்சுவரை முழுசாய்க் கழற்றிவிட்டால்
அந்த அறை கணக்கிலிருந்து இறங்கிவிடும் என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
"மழைக்கு?"
மழை சூத்திரத்தில் இல்லை.

அடுத்தது தேறிய தொன்னளவு.
சரக்கறை கொடுத்தேன், நீரில் அமிழும் ஆழம், பக்க உயரம்.
பிறகு வெறும் பெட்டி ஒன்று கேட்டது:
பயணிகள்?

விதி அச்சாகி மேசையில் கிடக்கிறது, தேநீர்க் கறையோடு.
எட்டுக் கட்டிலுக்கு மேற்படாத அறையில் படுப்பவர்
ஒருவர்.
தட்டில் குந்தி வருபவர்
பத்தில் ஒருவர்.
எல்லாம் சேர்த்தும் பதின்மூன்றுக்குக் குறைந்தால்
எல்லாரும் பூச்சியம்.

நாநா சொன்னது பன்னிரண்டு, எல்லாம் தட்டில்.
அடித்தேன். எழுபத்தொன்பது.
பன்னிரண்டையும் அழித்தேன். எழுபத்தொன்பது.
கருவாட்டுச் சாக்கு ஏறினாலாவது
கப்பல் கொஞ்சம் அசைந்திருக்கும்.

வேண்டாத வேலைதான். பதின்மூன்று அடித்தேன்.
எண்பத்தொன்று.
கடைசி ஆள் ஏணியில் கால் வைத்த நொடி
முன்னமே ஏறி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கும்
உடம்பு வந்துவிட்டது.
பத்தில் ஒரு பங்குதான்,
ஒரு தோள்பட்டை, அல்லது ஒரு காலும் செருப்பும்.

கூலி தருவது நாநா. பன்னிரண்டு என்றே மாற்றிச் சேமித்தேன்.
ஜன்னலுக்குக் கீழே ஒரு புள்ளிமான்
என் மத்தியானப் பார்சல் தாளைத் தின்றுகொண்டிருந்தது.

பொழுதுபட மூதூர்ப் படகு.
இருபத்துநாலு மீட்டருக்குள் அடங்கும் சின்னப் படகு,
என் சூத்திரம் இதைத் தொடாது.
படகுக்காரப் பொடியன் விரலை நீட்டி எண்ணுகிறான்,
பத்து, பதினொன்று,
கோழிக்கூடையோடு எனக்கு முன்னால் ஒருத்தி.
நான் கால் வைக்கிறேன்.
"பதின்மூணு" என்கிறான்.
எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.