‘வ்’ என்று தொடங்குபவர்கள்

காலடிப்பேட்டை கேஸ் ஏஜென்சியில்
பதினாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பெயர்கள்.
ஒன்றைத் தேட, லிஸ்ட்டின் ஓரத்துப் பட்டையைப் பிடித்து
அகரத்திலிருந்து இழுத்துக்கொண்டே போவாள் ரெஜினா.
வகரம் வருவதற்குள்
வரிசையில் நிற்பவர் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

தட்டத் தட்டச் சுருங்கும்படி எழுதித் தந்தேன்.
மூவாயிரம் ரூபாய், பாதி கையில்.
என் வீட்டு மேஜையில் பிரமாதமாக ஓடியது.

மறுநாளே போன்:
“இன்னாண்ணா இது,
ஒரு எழுத்து வெச்சா ஊரே காலியாப் பூடுது.”

போய் நின்றேன்.
வெளியே கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமின,
மேஜைக் கண்ணாடி நடுங்கியது.
ரெஜினா ஒற்றை விரலால் தட்டினாள்.

வ்.
வெள்ளைப் பெட்டி.
வ.
அறுநூற்றுப் பதினோரு பேர் திரும்பி வந்தார்கள்.
வட்.
மறுபடி யாருமில்லை.
வடி.
வடிவாம்பாள், வடிவு, வடிவுடையாள், வடிவேலன்,
அம்மன் பெயரை வைத்துக்கொண்டு
இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர்.

நான் ஆங்கிலத்தில் சோதித்திருந்தேன்.
இந்த விசைப்பலகை முதலில் மெய்யைத் தரும்,
உயிர் பின்னால்தான் வரும்.
நடுவே அந்தக் கால் நொடியில்
என் நிரல் ஒழுங்காகத் தேடி ஒழுங்காகச் சொல்கிறது:
‘வ்’ என்று தொடங்குபவர் எவருமில்லை.
பொய்யில்லை.
மெய் சொல்லுக்கு முதலில் வராது என்று
ஆறாம் வகுப்பில் முட்டி போட்டுப் படித்ததுதான்.

ஒரு வரி சேர்த்தேன்:
கடைசியில் புள்ளி இருந்தால்
அதை உரித்துவிட்டுத் தேடு.

அடுத்து நின்றவர் ஐஸ் ஃபேக்டரி ஆள், ஈரச் சட்டை.
“கஜபதி.”
கஜ என்றதும் ஒன்பது பேர், தெருவாரியாக.
அவர் கண்ணாடிக்கு மேல் குனிந்தார்.
மு. கஜபதி, 41/1.
மு. கஜேந்திரன், 41/2.
“இவன் பேரு ஏன் எனக்குக் கீழ நிக்குது?”
“அப்பா ஒருத்தர், தெரு ஒண்ணு. நம்பர்தான் வேற.”
“இன்னொரு எழுத்து தட்டு.”

கஜப்.
எட்டுப் பேர் போனார்கள். மிச்சம் அவர்.
சுவர் எழுப்ப எத்தனை மூட்டை சிமென்ட் ஆனதோ,
இங்கே ஒரு பகரம்.

ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
படி இறங்கியவர் நின்றார்.
“அவன் பேருக்குப் பக்கத்துல
மார்ச்சுன்னு போட்டுருந்துச்சே. அது இன்னா?”
“கடைசியா புக் பண்ண மாசம்.”
இது செப்டம்பர்.

லாரி ஒன்று நகர்ந்தது, பின்னால் எல்லாமே ஹார்ன் அடித்தன.
ரெஜினா அழிக்கும் விசையைத் தொட்டாள்.
முதல் தட்டில் புள்ளி போனது.
இரண்டாவதில், ப.